"இதில் ஆல்கஹால் இருக்கிறதா, ஹஜ்ரத்?"



மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் படிக்கட்டின் ஓரத்தில் நாலைந்து தாய்மார்கள் குழந்தைகளோடு நிற்பார்கள். எங்கள் எம். புதுப்பட்டியில் மட்டுமன்று, தமிழகத்தின் பல ஊர்களிலும் நீங்கள் காணக்கூடிய காட்சிதான் இது. நம் பெண்களும் நிற்பார்கள். இந்துச் சகோதரிகளும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஃபாத்திஹா ஓதிக் குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுச் செல்வார்கள். இதைப் பற்றி நம்மிடையே உள்ள மார்க்க விவாதங்களை நான் அறிவேன். அவை இன்றைய கட்டுரையின் பொருளல்ல. மக்தபில் பாடம் நடத்தும் எனக்கு அந்த வாசல் வேறொன்றையும் அறிவிக்கும். ஊரில் எந்த வாரம் சளி பரவுகிறது, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது என்பதையெல்லாம் மருந்துக் கடைக்காரருக்கு அடுத்தபடியாக அறிகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

2025 ஆகஸ்டில், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் மாணவன் ஒருவனின் தாய் தம் மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கையிலிருந்த மருந்துப் புட்டியை என்னிடம் நீட்டினார்.

"ஹஜ்ரத், மெடிக்கல்ல சளிக்குன்னு குடுத்தாங்க. இதுல ஆல்கஹால் கலந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்துச்சுன்னா பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்."

கைப்பேசி வெளிச்சத்தில் அந்தப் பொடி எழுத்துகளை மேலிருந்து கீழாகத் தேடினேன். ஆல்கஹால் என்ற சொல் இல்லை. "இல்லம்மா, தாராளமாக் குடுங்க. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடுங்க" என்றேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் மனநிறைவாகவே இருந்தது. ஒரு தாய், பிள்ளையின் வாய்க்குள் செல்வது ஹலாலா என்று இவ்வளவு அக்கறையோடு கேட்கிறாரே என்று அவருக்காக துஆவும் செய்தேன்.

நான்காம் நாள் காலையில் அவர் மகன் மதரஸாவுக்கு வரவில்லை. தங்கை வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்ததால் இரவோடு இரவாகச் சிவகாசிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். ளுஹருக்குப் பிறகு நானும் போனேன். அங்கிருந்த மருத்துவர் இளவயதுப் பெண்மணி. படுக்கைக்கு அருகே இருந்த சிறு மேசையில் இரண்டு புட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். ஒன்று, கிளினிக்கில் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து. மற்றொன்று, நான் ஹலால் என்று சொல்லிக் கொடுத்த சளி மருந்து. இரண்டிலும் விரல் வைத்து ஒரே சொல்லைக் காட்டினார்: பாராசிட்டமால்.

காய்ச்சல் மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். சளி மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 125. பிள்ளையின் எடை 13 கிலோ. கிளினிக்கில் எழுதியது ஒரு வேளைக்கு மூன்றரை மில்லிலிட்டர், தேவைப்பட்டால் மட்டும். ஆனால் வீட்டில் நடந்தது வேறு. தாய் காலை ஆறரை மணிக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுமுன் இரண்டு மருந்தையும் கொடுத்தார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நன்னி, உடம்பு சுட்ட போதெல்லாம் சமையலறைக் கரண்டியில் காய்ச்சல் மருந்து கொடுத்தார். இருமிய போதெல்லாம் சளி மருந்து கொடுத்தார். இரவில் வேலை முடிந்து வந்த அத்தா, யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றெண்ணித் தம் பங்குக்கு ஒரு வேளை கொடுத்தார். மூவரும் பாசத்தால்தான் கொடுத்தார்கள். மருத்துவர் ஒரு காகிதத்தில் கூட்டிக் காட்டினார்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,750 மில்லிகிராம், மூன்று நாட்கள். அந்த எடையுள்ள பிள்ளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் நான்கு வேளை என்று மேல்வரம்பாகக் கணக்கிட்டாலும் 780-ஐத் தாண்டக் கூடாது.

பாராசிட்டமால் அளவோடு கொடுத்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் அது கல்லீரலைத் தாக்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது; குமட்டல், சோர்வு, அவ்வளவுதான். அதையும் காய்ச்சலின் களைப்பு என்று நினைத்து மேலும் ஒரு கரண்டி கொடுப்போம். இதற்கு மாற்று மருந்து உண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன் தரும். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். இரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்த எண்கள் மெல்ல இறங்கின. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாய் என்னைக் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்வை மாணவர்களுக்கு நான் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம். இரவில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்தத் தீர்ப்புச் சொன்னவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்பது அக்கண்டனத்தின் சாரம். அவர்கள் சொன்னது தம் அறிவுக்கு எட்டிய மார்க்கச் சட்டத்தைத்தான். காயத்தைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. நானும் புட்டியில் ஒரு சொல்லைத் தேடினேன், அது இல்லை என்று கண்டதும் அனுமதி கொடுத்தேன். பிள்ளைக்கு வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற நபிமொழியும் அதே நூலில் இருக்கிறது. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவன் நான். மருந்தியலில் ஓர் எழுத்தும் படித்தவனல்லன். "தாராளமாக் குடுங்க" என்று சொன்ன கணத்தில் நான் மருத்துவம் பார்த்துவிட்டேன்.

ஆல்கஹால் பற்றிய கேள்வி தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆல்கஹால் கலக்காத மாற்று இருக்கும்போது அதையே நாட வேண்டும் என்பதிலும், வேறு வழியில்லாத நோயாளியின் நிலை வேறு என்பதிலும் நம் அறிஞர்கள் எழுதியவை உள்ளன. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் வருத்தம், அந்த ஒரு கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம் என்பதுதான். லேபிளில் எஞ்சியுள்ள எட்டு வரிகளும் நமக்கு இல்லாதவையாகி விடுகின்றன.

இதில் எங்கள் வட்டாரத்துக்கென ஒரு வெட்கமும் உண்டு. சிவகாசியும் சுற்றுவட்டாரமும் லேபிள் அச்சடித்துப் பிழைக்கும் பூமி. தீப்பெட்டிப் படத்திலிருந்து தினசரி காலண்டர் வரை, அட்டைப்பெட்டி, ஒட்டுத்தாள் என எதையெதையோ அச்சிட்டு நாடெங்கும் அனுப்புகிறோம். என் மாணவர்களின் அத்தாமார்களில் பலர் ஆப்செட் அச்சகங்களில் வேலை செய்கிறவர்கள். ஒரு வண்ணம் அரை மில்லிமீட்டர் விலகினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சடிக்கத் தெரிந்த எங்களுக்கு அச்சடித்ததைப் படிக்கும் வழக்கம் வரவில்லை.

"மருந்து" என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் இரட்டைப் பொருள் கொண்டது. தீக்குச்சியை முக்குவதும் மருந்தில்தான். வெடிக்குள் செலுத்துவதும் மருந்துதான். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை என்றால் எல்லோருக்கும் ஓர் அச்சம் உண்டு. எதோடு எது சேரலாம், எது சேரக் கூடாது, எவ்வளவு சேரலாம், யார் கலக்கலாம் என்பதில் விளையாட முடியாது. கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி. "மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு" என்று தொடங்கும் செய்தியை நாங்கள் எத்தனை முறை வாசித்திருக்கிறோம், எத்தனை ஜனாஸாக்களுக்குப் போயிருக்கிறோம்! அப்படிப்பட்ட ஊரில், குழந்தையின் வயிற்றுக்குள் மூன்று கலவைகளை ஒன்றாக ஊற்றுகிறோம். அங்கே போர்மேன் யாருமில்லை.

சளி, இருமல் மருந்துகளில் பெரும்பாலானவை கூட்டு மருந்துகள். ஒரு புட்டியில் மூன்று அல்லது நான்கு மருந்துகள் குடியிருக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். மூக்கு ஒழுகுவதற்கும் தும்மலுக்கும் குளோர்பெனிரமைன் மேலியேட். இதுதான் தூக்கத்தைக் கொடுப்பது. மூக்கடைப்புக்குப் பினைலெஃப்ரின், இது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. வறட்டு இருமலை அடக்க டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். சளியை இளக்க அம்ப்ராக்ஸால் அல்லது குவைபெனசின். மூச்சுக்குழலை விரிக்கச் சிலவற்றில் சால்பியூட்டமால் அல்லது டெர்பியூட்டலின். இவை நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் தரலாம். சளியை இளக்குவதையும் இருமலை அடக்குவதையும் ஒரே புட்டியில் அடைத்து விற்பதும் உண்டு. இளகிய சளி வெளியே வர இருமல்தானே வழி? இதைக் கேட்டபோது அந்த மருத்துவர் சிரித்துவிட்டு, "நீங்களே இப்படிக் கேக்கறீங்க பாருங்க ஹஜ்ரத், இதுதான் சரியான கேள்வி" என்றார். பினைலெஃப்ரினைப் பற்றியும் சொன்னார்: வாய்வழி உட்கொண்டால் அது மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரிலேயே கூறிவிட்டதாம். அது இன்னும் நம் புட்டிகளில் இருக்கிறது.

பெயர் வேறு, நிறம் வேறு, நிறுவனம் வேறு. உள்ளே இருப்பது ஒன்றேயாக இருக்கலாம். ஆகவே முகப்பில் பெரிதாக எழுதிய பெயரை விட்டுவிட்டு, "இதில் அடங்கியவை" என்ற பகுதியைப் படிக்க வேண்டும். அங்கே எண்களும் முக்கியம். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120, 125, 250 என்று பல வலிமைகள் உள்ளன. பச்சிளங்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் ஊற்றினால் பிள்ளைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். சமையலறைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறு அளவு. மருந்தோடு வரும் அளவுக் குப்பியைத் தொலைத்துவிட்டால் மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில ரூபாய்தான்.

2025 அக்டோபரில் என் வாசலில் கூட்டம் அதிகமானது. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் அவை. ஆலைகளில் வேலை உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில்தான் கோல்ட்ரிஃப் செய்தி வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சாதாரணச் சளிக்காகச் சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோய், சிறுநீரகம் செயலிழந்து, ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கும் கீழானவர்கள். அந்த மருந்து நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனத்தில் தயாரானது. அக்டோபர் 1 முதல் அதன் விற்பனையைத் தமிழக அரசு நிறுத்தியது. எஸ்.ஆர்-13 என்ற தொகுதியைப் பரிசோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 விழுக்காடு. பிரேக் திரவத்திலும் சில அச்சு மைகளிலும் சேரும் கரைப்பான் அது. எங்கள் அச்சகத்துக்காரர்கள் கேட்டுத் திடுக்கிட்டார்கள். நிறுவன உரிமையாளர் 9-ஆம் தேதி கைது செய்யப்பட்டார். 13-ஆம் தேதி உரிமம் முற்றாக ரத்தானது.

இது முதல் முறையும் அன்று. 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த ஒரு மருந்தால் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், 1938-இல் அங்கே மருந்துச் சட்டம் கடுமையானது. நம் சென்னையில் 1972-இல் 15 குழந்தைகள் இறந்தார்கள். மும்பையில் 1986-இல் 14 பேர். ஜம்முவின் ராம்நகரில் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது விரல்கள் சுட்டியது இந்தியாவில் தயாரான சிரப்புகளை. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களான நாடு அது. அந்தத் தாய்மார்களும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் ஊற்றியிருப்பார்கள்.

கோல்ட்ரிஃப் புட்டியின் லேபிளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? பாராசிட்டமால், பினைலெஃப்ரின், குளோர்பெனிரமைன். வேறு ஆயிரம் புட்டிகளில் எழுதியிருப்பதே. நஞ்சு லேபிளில் எழுதப்படவில்லை. அப்படியானால் லேபிளைப் படி என்று நான் சொல்வதற்கு என்ன பொருள் என்று மதரஸாவிலேயே பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பஜ்ருக்குப் பிறகு நடந்துகொண்டே யோசித்தேன். கலப்படத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை, அரசின் வேலை. அதற்கு அவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும். நம் கையில் இருப்பது வேறொன்று: அந்தப் புட்டி தேவைதானா என்பது. தேவையில்லாத புட்டியைத் திறக்காத வீட்டில், எழுதிய மருந்தின் தீங்கும் இல்லை, எழுதாத நஞ்சின் தீங்கும் இல்லை.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் மருத்துவ உலகின் பேச்சு. மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் 2025 அக்டோபர் 3-ஆம் தேதி வெளியிட்ட அறிவுரையில், இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று கூறியது. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சொட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. சாதாரணச் சளி கிருமியால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். சிரப் அதைச் சீக்கிரம் போக்குவதில்லை. பிள்ளையை உறங்க வைக்கிறது. அந்த உறக்கத்தை நாம் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இங்கே எங்கள் ஊர்த் தாய்மார்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். "குடிச்சா தூங்கிருவா ஹஜ்ரத், நான் வேலைக்குப் போயிருவேன்" என்று ஒரு சகோதரி என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டின் கணக்கே மாறும். பிள்ளை இரவெல்லாம் இருமினால் காலையில் அவர் கண் கனத்து, ஆலையில் கை தவறும். கை தவறக் கூடாத இடம் அது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ஆனாலும் தூங்க வைப்பதற்காக அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மூச்சுக்குப் போராடும் பிள்ளைக்குத் தூக்க மருந்து ஏறினால், அதன் போராட்டம் வெளியே தெரியாமல் போய்விடும்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும், உறங்கும் முன்னும் பாலூட்டும் முன்னும் விடலாம். தாய்ப்பால், கஞ்சித் தண்ணீர், வெதுவெதுப்பான நீர் என்று நிறையக் குடிக்கக் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு உறங்குமுன் அரைக் கரண்டி தேன் இரவு இருமலைத் தணிக்கும். நவீன மருத்துவர்களும் இதை ஒப்புகிறார்கள். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்று சூரத்துந் நஹ்லில் வருவதை நாம் அறிவோம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சுநோய் அந்த வயதில் தேனால் வரலாம். "பிறந்த பிள்ளைக்கு நாக்கில தேன் வைக்கிறது நம்ம வழக்கமாச்சே" என்று எங்கள் வீட்டு நன்னியே என்னிடம் வாதாடினார்கள். தஹ்னீக்கில் நபிவழியாக அறியப்பட்டது மென்ற பேரீச்சம்பழம்தான், நன்னி என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிச் சிறு குழந்தையின் மூக்கருகே தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

பெரியவர்களின் கதை வேறு. மருந்துக் கடையில் "சளி காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே" என்கிறோம். அட்டையை வெட்டி, காகிதத்தில் மடித்து, மூன்று நிற மாத்திரைகள் வருகின்றன. பெயரும் இல்லை, அளவும் இல்லை. அந்தக் கூட்டு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். உடம்பு வலிக்கென்று வீட்டிலுள்ள 650-ஐயும் மேலே போடுவோம். பெரியவர்களுக்கும் நாளொன்றுக்கு 4 கிராமே உச்சவரம்பு; கல்லீரல் பழுதுற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. இரத்த அழுத்தம், சர்க்கரை, புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் கூட்டு மாத்திரையைத் தாமாக வாங்கக் கூடாது. தூக்கம் வரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் வெட்டும் இயந்திரத்தின் முன்னோ, வண்டியின் மீதோ, மருந்து அறையிலோ இருப்பது எவ்வளவு ஆபத்து என்று எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ரமளானில் சிலர் மூன்று வேளை மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் நெருக்கிப் போடுவதைக் கண்டிருக்கிறேன். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்கும் சலுகையை அல்லாஹ்வே கொடுத்திருக்க, நாம் ஏன் கல்லீரலைச் சோதிக்கிறோம்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் செட் மாத்திரையை விட்டு, அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி கொடுங்கள். இலவசம்தான். தூசியிலும் புகையிலும் வேலை செய்கிறவர்கள் "இது மருந்து வாடையால வர்ற இருமல்தான்" என்று ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள்.

அக்டோபருக்குப் பிறகு மதரஸாவில் ஒரு வேலை செய்தோம். வீட்டிலிருக்கும் சளி, காய்ச்சல் மருந்துகளின் அட்டைப்பெட்டிகளை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். பாய் மீது பரப்பிப் பார்த்தால் பத்தொன்பது வந்திருந்தன. மூத்த மாணவர்கள் பொடி எழுத்தை வாசிக்க, இளையவர்கள் பலகையில் எழுதினார்கள். பதினோரு பெட்டிகளில் பாராசிட்டமால். நான்கு பெட்டிகள் காலாவதியானவை. ஒரு பெட்டியிலிருந்த சிரப் அண்ணனுக்கு வாங்கியது, தம்பிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பெயர் வேறான மூன்று புட்டிகளில் மூன்றும் ஒரே கூட்டு. அந்த வீடு என்னுடையது. என் மனைவி அன்று மாலையே இரண்டைத் தனியாக எடுத்து வைத்தார்.

கையில் புட்டியோடு வாசலுக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான்தான் முதலில் கேட்கிறேன். பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை கிலோ? யார் எழுதிக் கொடுத்தது? வேறு என்ன மருந்து போகிறது? கடைசியாக எப்போது, யார் கொடுத்தார்கள்? பதில் தெளிவாக இல்லாவிட்டால், "எனக்குத் தெரியாதும்மா, எல்லாப் புட்டியையும் பையில போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க" என்கிறேன். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஓதிப் பார்க்க நிற்க வேண்டாம். ஆட்டோவில் ஏறிப் போகும் வழியில் நீங்களே ஓதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் சிலருக்கு மனவருத்தம்தான். ஹஜ்ரத் ஊதவே மாட்டேங்கிறார் என்று பேச்சும் வந்தது.

போன மாதம் அந்தத் தாய் மீண்டும் வந்தார். இந்தத் தடவை மகனுக்குச் சளி. கையில் புட்டி இல்லை. தினசரி காலண்டரிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள் இருந்தன. தேதிக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் பென்சிலால், காய்ச்சல் மருந்து, காலை 6.15, அம்மா, பகல் 1 மணி, நன்னி என்று எழுதியிருந்தது. இரவுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"அத்தாவுக்கு எழுத மறந்துருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல ஹஜ்ரத். சூடு இல்ல, அதான் குடுக்கல" என்றார். பையன் தன் சட்டைப் பையிலிருந்து அளவுக் குப்பியை எடுத்து எனக்குக் காட்டினான்.